இடைத்தேர்தலுக்கு அடித்த சங்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் எம்.எல்.ஏ. பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருக்காக அழுதவர்களைவிட, இடைத்தேர்தல் வருகிறதென்று சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் லாட்ஜுகளில் அறை கிடைக்கவில்லை. தெருவுக்கு ஒரு மந்திரி என்று வந்து இறங்கினார்கள்.

நான் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டராக வேலை பார்த்த நூல் மில்லை மூடி அப்போது இரண்டு வருஷம். சத்திரப்பட்டியில் ஒரு முதலாளியிடம் பேண்டேஜ் துணித் தறி ஓட்டி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு வாய்த்த மந்திரி, "நீங்க ஓட்டுப் போடுற அன்னைக்கு உங்க மில் ஓடிக்கிட்டிருக்கும்" என்று மைக்கில் சொன்னார். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷிப்டுக்கு ஆள் கூப்பிடுகிற மில் சங்கு அடித்தது.

எங்கள் ஊரில் சாமியை நம்பாதவன்கூட மில் சங்கை நம்புவான். உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதும் அதைக் கேட்டுத்தான். எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் நின்று அழுதாள். என் மனைவி பரணில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து உதறினாள்.

அன்றே சத்திரப்பட்டி போய்த் தறியை விட்டுவிட்டேன். "எலெக்சன் முடியட்டும்லே, பொறவு போ" என்றார் முதலாளி. "சங்கே அடிச்சாச்சு மொதலாளி" என்றேன். எவ்வளவு மிதப்பு எனக்கு!

மில்லுக்குள் பஞ்சு இல்லை. மெஷினைத் துடைத்து எண்ணெய் போடச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பின்பக்கம் போனேன். கம்பத்திலிருந்து மில்லுக்கு வரவேண்டிய கரண்ட் கம்பியே இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஜெனரேட்டர் ஒன்று நின்றது. அதிலிருந்து சங்குக்கு மட்டும் ஒரு வயர் போயிருந்தது. ஒரு பிட்டருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் திரும்பி வந்து மறுபடி எண்ணெய் போட்டேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. கண்ணால் பார்த்த பிறகும் ஆசை விடவில்லை. இன்று நினைத்தாலும் என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர்களுக்கே ஓட்டும் போட்டேன்.

ஓட்டுப் போட்ட மறுநாள் ஏழு மணிக்குச் சங்கு அடிக்கவில்லை.

"ஏங்க, சங்குச் சத்தத்தக் காணோமே?" என்றாள் மனைவி.

"கரண்ட் இருக்காது. நீ சோத்தக் கட்டு."

தூக்குச்சட்டியோடு நேரே சத்திரப்பட்டி போனேன். என் தறியில், மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் நின்றிருந்தார். எங்கள் ஆட்களில் சங்கை நம்பாத ஒரே ஆள் அவர்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கே சொன்னேம்லே" என்றார் முதலாளி, கோபமில்லாமல்.

சோற்றைக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வீடு திரும்பினேன். என் கையில் எண்ணெய்க் கறை இல்லாததை அவள் பார்த்தாள்.

"இன்னைக்கு வேலை கம்மியோ?"

ஆமாம் என்றேன். அடுத்த நாள் காலையில் அவள் சங்குக்குக் காத்திருக்கவில்லை. சோற்றைக் கட்டி என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.