ஈயத்தாள் அடைத்த பல்

என் அத்தை மகளின் கடைவாய்ப் பல் ஒன்று மின்னியது. மலாயா சுதந்திரம் வாங்கிய வருடம் அது. காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே வரிசை. மாமா அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அவள் இங்கிலீஷ் பள்ளியில் படித்தாள். அப்பா லாரி ஓட்டினார். நான் தமிழ்ப் பள்ளி. அவள் பள்ளிக்குப் பல் பார்க்கும் நர்ஸ் மிஸி வந்து, சொத்தையைச் சுரண்டி ஓட்டையை அடைத்துவிட்டுப் போவாள். எங்கள் பள்ளிக்கு அம்மை குத்துகிறவர் மட்டும் வருவார்.

"வெள்ளிடி! ஏ பி சி ஒழுங்கா படிச்சாத்தான் வைப்பாங்க" என்று அத்தை மகள் வாயைப் பிளந்து காட்டினாள்.

நம்பினேன். எனக்கும் அதே இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஏ பி சியும் பாதி தெரியும். அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்த ஈயத்தாளை உருட்டித் தீக்குச்சியால் அழுத்தி அடைத்தேன். மறுநாள் வகுப்பில் எனக்குத் தனி மரியாதை. இடைவேளை முடிவதற்குள் பின்வரிசைக்கே அடைத்துவிட்டேன். சொத்தையே இல்லாத ஒருத்தி, தனக்கு மட்டும் வைக்கவில்லை என்று அழுதாள்.

அந்த வாரமே கன்னம் வீங்கியது. கிராம்புக்கும் உப்புத் தண்ணீருக்கும் அடங்கவில்லை. அப்பா சைக்கிளில் வைத்துச் சீனர் பல்கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடி அலமாரியில் பல்செட்டுகள் வரிசையாகச் சிரித்தன. அடைத்துக் காப்பாற்ற முடியாதா என்று அப்பா மலாயில் கேட்டார். அங்கே பிடுங்குவது மட்டும்தான்.

குறட்டில் பல்லோடு ஈயத்தாளும் வந்தது. கடை முதலாளியான தவுக்கே அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, "சியாப்பா பூவாட்?" என்றார். யார் செய்த வேலை என்கிறார். வாய் நிறையப் பஞ்சோடு, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

பிடுங்கிய பல்லோடு வந்த எனக்காக வீட்டில் அத்தை மகள் காத்திருந்தாள். "குடேன்டி, ஒரு தரம் புடிச்சுப் பாக்குறேன்!"

கொடுக்கவில்லை. பால்காரர் கொட்டகையிலிருந்து சாணி எடுத்துவந்து, எப்போதும்போல் பல்லை அதில் பொதிந்து தகரக் கூரை மேல் எறிந்தேன். நங்கென்று விழுந்தது.

"எனக்குப் புதுசு மொளைக்கும். உனக்கு ஒட்டுப் போட்ட பழசுதான்."

அவள் தன் பல்லையும் பிடுங்கச் சொல்லித் தரையில் புரண்டு அழுதாள். அத்தை அவளை அதட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பல் எறியும்போது கைதட்டும் அம்மா, அன்று கஞ்சியைக் கிளற உள்ளே போய்விட்டாள். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முளைத்துவிட்டதா என்று மாதக்கணக்கில் நாக்கால் தடவிப் பார்த்தேன். அது பால்பல் இல்லை என்பது, அன்று அங்கே இருந்தவர்களில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது.