மச்சானின் ஹெல்மெட்டை நான் ஒளித்த காலை

சைக்கிளில் கடைக்குப் போகிறவருக்கு ஹெல்மெட் வேண்டுமா என்று யாராவது கேட்டால் இப்போது நான் வாயைத் திறப்பதில்லை. முன்பென்றால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசிப் பழகிய வாய்.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற மாதங்களில், நானும் என் தங்கையின் கணவரான மச்சானும் ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கினோம். இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது. பெட்ரோல் வந்த பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து றொசல்ல ரயில் நிலையத்தடிப் பாண் பேக்கரி வரை ஒரே இறக்கம். மிதிக்கவே வேண்டாம். தேயிலை மலை இரண்டு பக்கமும் ஓடும், சட்டை முதுகில் பலூனாக உப்பும், வளைவுகளில் வயிறு எழும்பித் தொண்டையைத் தொடும். நான் கூவுவேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கூவுவதைக் கேட்டு நாய்கள் ஒதுங்கும்.

திரும்பி வர எங்கள் ஊர் வித்தை ஒன்று உண்டு. தேயிலைக் கொழுந்தை இறக்கிவிட்டு வரும் லொறி ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஊரும். அதன் பின்பக்கச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் போதும், சைக்கிளோடு வீடு வந்து சேரலாம்.

மச்சானின் மகன் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். ஹெல்மெட், கையுறை, முழங்கால் பட்டை, மஞ்சள் சட்டை. மச்சான் அத்தனையையும் மாட்டிக்கொண்டு வந்தார். ரோட்டோரம் கொழுந்தெடுத்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்:

"மாஸ்டர், இவரு என்னா சந்திரனுக்கா போறாரு?"

"தலையில சட்டியக் கவுத்துக்கிட்டுப் பாண் வாங்கப் போறாரு. தாளிச்சுக் குடுங்க!" என்றேன். மலையே சிரித்தது.

மச்சான் சைக்கிளை நிறுத்தினார். "சிரிங்க. செடி கீறாம இருக்க இடுப்புல படங்கு கட்டாம நீங்க மலைக்கு வர்றீங்களா? கூடைக் கயிறு அழுத்தாம இருக்கத் தலையில துணி மடிச்சு வைக்கிறீங்கதானே? நான் சட்டி வச்சா மட்டும் குத்தமா?"

"மாமா சொல்றதும் நியாயந்தான்" என்றாள் அவள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். இப்போது என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அது எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை தங்கை வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் அந்த ஹெல்மெட்டை ஒளித்தேன். இதுதான் நான் செய்தது. மச்சான் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினார்.

"பாண் முடிஞ்சிரும் மச்சான். தலை கழுத்துமேலதானே இருக்கு, வாங்க."

வந்தார். அன்றுபோல் நாங்கள் என்றைக்கும் சிரித்ததில்லை. திரும்பும்போது இருவரும் ஒரே சங்கிலியைப் பிடித்திருந்தோம். நான் ஏதோ சொல்ல, அவர் குலுங்கிச் சிரித்தார். கியர் மாற்றிய லொறி ஒரு வெட்டு வெட்டியது. அவர் பின்பக்கமாக விழுந்தார். மதகுக் கல்லில் தலை. முழங்கால் பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஒன்பது தையல். நாலு நாளில் வீட்டுக்கு வந்தார். தங்கை தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னா புள்ள, வெறும் சுடுதண்ணியக் குடுக்குற?" என்றார்.

தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் தூளின் பதத்தை மூக்கால் சொன்னவர் அவர். தலையில் பட்ட அடியில் அந்த மூக்குக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டொக்டர்.

மூன்று வாரம் தினமும் போனேன். சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் தங்கை என் முன்னாலேயே அவரைத் திட்டினாள்: "வச்ச பொருள வச்ச இடத்துல தேடத் தெரியாத மனுசன்!" அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. விறகுக்குப் பின்னாலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

"நான்தான் ஒளிச்சேன் மச்சான். அன்னைக்கு எல்லாரும் உங்க பக்கம் பேசினது எனக்குப் பொறுக்கல."

தங்கை என்னையே பார்த்தாள். "அண்ணே, பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள இப்படிச் செஞ்சா என்னா செய்வீங்க?"

"முட்டி போடச் சொல்வேன்."

"முழங்கால் பட்டை இருக்கு, எடுத்துத் தரவா?" என்றார் மச்சான். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பட்டையும் மஞ்சள் சட்டையும் கடைக்குப் போகிறவருக்கு வேண்டுமா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. தலை அவருடையது. அதற்கு என்ன போடுவது என்று தீர்மானிக்க வேண்டியவரும் அவர்தான். எனக்கு அங்கே என்ன வேலை?

பத்து நாள் அவர் பேசவில்லை. பிறகு ஆள் அனுப்பினார். போனதும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினார்.

"மோந்து சொல்லுங்க."

"நல்ல மணம்."

"இத ஒன்னாம் வகுப்புப் புள்ளயும் சொல்லும். திரும்ப மோந்து பாருங்க."

"மழை பேஞ்ச மண்ணு..."

"இது மணமா, கட்டுரையா, மாஸ்டர்?"

அன்றிலிருந்து தினமும் காலையில் போகிறேன். சுண்ணக்கட்டித் தூளை இழுத்த மூக்கை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்துத் தங்கை வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். நேற்று, "லேசாக் கருகியிருக்கு" என்றேன். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படிக் கருகல்? வாயில வச்சதுமா, முழுங்கினதுக்கப்புறமா?"

நான் இன்னொரு முறை குடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.