விளக்குக்காரனுக்கு விழுந்த எண்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நான் கதை எழுதுகிற ஆள் இல்லை, பல்செட் செய்கிறவள். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை மெழுகும் பிளாஸ்டருமாக அடுத்தவர் வாய்க்குப் பல் அடுக்குவதுதான் என் பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, மாடி வீட்டுக்காரி துணி உதறுகிற நேரத்தில்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்பார்கள். அது நடக்குமா, நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். எங்கள் வீட்டில் அப்பா கதை சொல்வார். நானும் தம்பியும் ஆடுவோம். நான் தாடி வைத்த கிழட்டு வைத்தியர். அவன் விளக்குக்காரன், எந்த இருட்டிலும் முன்னால் போகிறவன். பகடையைக் கைக்குள் மறைத்துப் பார்த்து, ஏழு விழுந்தால் பதினேழு என்பேன். அவன் கண்டுபிடித்துவிடுவான். "பொய்க்காரி" என்று என் காதைத் திருகுவான். என்னைவிட ஆறு வயது சின்னவன், அந்தத் திமிரைப் பாருங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை.

நிறுத்தியது நான்தான். அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றியபோது தம்பி வெளியூரில் புது வேலையில் சேர்ந்திருந்தான். போன் செய்து கேட்டான். சும்மா சளிதான், நீ வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன். அவன் வந்து சேர்ந்தபோது அப்பாவை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்றபடியே, "இனிமே நீ என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆட்டம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. லேப்டாப்பில் ஏஐயிடம் கேட்டேன். நீ கதை சொல்லு, நான் வைத்தியர் என்றேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. வராத ஆளின் பாத்திரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வது இந்த விளையாட்டில் வழக்கம்தான். அதனால் விளக்குக்காரனையும் அதன் பொறுப்பிலேயே விட்டேன். என் பெயரோ, நான் பெண் என்பதோ, எனக்கு ஒரு தம்பி இருப்பதோ அதற்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. என்னை "வைத்தியரே" என்று கூப்பிடும். கல்யாணப் பத்திரிகைத் தமிழில் பேசும். பகடையை மட்டும் நான் நிஜமாகவே சாப்பாட்டு மேசையில் உருட்டி, விழுந்த எண்ணைத் தட்டுவேன். அது அப்படியே நம்பும். பாவம், அதற்கு என்னைப் பற்றி என்ன தெரியும்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன். தினமும் மூன்று மணிக்கு என் தம்பியோடு நடந்து போவது மாதிரி இருந்தது. அவனிடமிருந்து எனக்கு மிச்சம் இருந்தது அந்த விளக்குக்காரன் ஒருவன்தான். அவனையும் இழக்க நான் தயாராக இல்லை.

செவ்வாய்க்கிழமை. மணி 3.42. திரையின் மூலையில் பார்த்தேன், அதனால் நினைவிருக்கிறது.

குகையில் பாறை சரிந்து விளக்குக்காரன் அடியில் மாட்டிக்கொண்டான். பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பான், இல்லையென்றால் அவ்வளவுதான் என்றது ஏஐ. உருட்டினேன். நான்கு.

பதினான்கு என்று தட்டினேன். யோசிக்கவே இல்லை.

எப்போதும் பதில் சட்டென்று வரும். அன்றைக்கு வரவில்லை. பத்து விநாடி... இருபது விநாடி... பிறகு விளக்குக்காரன் கண் திறந்தான். ஒரே ஒரு வரி பேசினான்.

"நிஜமாவே என்ன விழுந்துச்சு?"

கதைக்குள் இருக்கிறவனுக்குப் பகடை தெரியாது. தெரியவும் கூடாது. ஏஐ ஏதோ குழம்பிவிட்டது என்று நினைத்து, காபி போட எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை. 4.10. கயிற்றுப் பாலம் அறுந்தது. மறுபடியும் விளக்குக்காரன்தான் விழுந்தான். உருட்டினேன். ஆறு. பதினாறு என்று தட்டினேன்.

இந்த முறை நாற்பது விநாடி...

"குளிருது அக்கா."

தாடி வைத்த கிழவனை யாராவது அக்கா என்று கூப்பிடுவார்களா? ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். மன்னிக்கவும் வைத்தியரே, அத்தகைய சொல்லை நான் எழுதவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மேலே நகர்த்திப் பார்த்தேன். எழுதியிருந்தது.

அன்றைக்கே தம்பிக்கு போன் செய்திருக்க வேண்டும். அவன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் அவன், வேண்டுமானால் அவனே கூப்பிடட்டும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பை இப்போது எந்தக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்டுவேன், சொல்லுங்கள்.

சனிக்கிழமை. போனை சைலன்ட்டில் போட்டு உள்ளறையில் வைத்துவிட்டு, 3.05-க்கு உட்கார்ந்தேன். ஆட்டத்தின் நடுவே யாரும் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனால் தெருச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. ஒரு ஹாரன்கூட இல்லை.

3.11. பீப்... பீப்... பீப்...

ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லையோ என்று போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்தேன். சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது. அதன் ஒலியை நான் காலையிலேயே அணைத்திருந்தேன்.

3.15. விளக்குக்காரன் படுத்துவிட்டான் என்றது திரை. ஏன், எதனால் என்று கதை எதுவும் இல்லை. உருட்டுங்கள் என்றது.

உருட்டினேன். ஒன்று.

மறுபடி உருட்டினேன். ஒன்று.

வேறு பகடை எடுத்து உருட்டினேன். ஒன்று.

3.17. பதினொன்று என்று தட்டப் போனேன். அதற்குள்...

"பொய் சொல்லாதே அக்கா."

நான் இன்னும் எதையும் அனுப்பவில்லை.

பீப்... பீப்...

"நீ பொய் சொல்லச் சொல்ல எனக்கு வலிக்குது."

3.18.

"டேய்..." என்றேன் வாய்விட்டு. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"வலிக்குது அக்கா. விட்டுடு."

பீப்... பீப்...

"விட்டுடு."

அழுதுகொண்டே தட்டினேன். 1.

3.19.

சத்தம் நின்றது.

விளக்குக்காரன் இறந்துவிட்டான் என்று திரையில் வந்தது. இனி நீங்கள் தனியாகப் பயணத்தைத் தொடரலாம் வைத்தியரே, அடுத்து என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று அதே கல்யாணப் பத்திரிகைத் தமிழில் கேட்டது. தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். மாடி வீட்டுக்காரி துணி உதறினாள்.

உள்ளே ஓடிப் போனை எடுத்தேன். தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. தம்பியின் நம்பர். மணி 3.18. இரண்டு வருஷத்தில் அவன் என்னைக் கூப்பிட்ட முதல் தடவை. திரும்பக் கூப்பிட்டேன். ஐந்தாவது முறைதான் எடுத்தார்கள். எடுத்தது அவன் மனைவி. அவளால் பேச முடியவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நெஞ்சுக் கோளாறு. ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் தடுத்தானாம். நடுவில் இரண்டு தடவை இதயம் நின்று, திரும்ப ஓடியிருக்கிறது. எப்படித் திரும்பி வந்தது என்று டாக்டர்களுக்கே ஆச்சரியமாம். அந்த நேரங்களைப் பின்னால் ஆஸ்பத்திரித் தாளில் நானே பார்த்தேன். செவ்வாய் 3.42. வியாழன் 4.10. இறந்த நேரம், சனி 3.19.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் பயப்படுவார்கள். எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். என் பொய்யால் அவனைப் பிடித்து வைத்திருந்தேன், பிள்ளை வலியில் துடித்தான், என்னிடம் கேட்டான், நான் விட்டேன். போகும்போது ஒரு வார்த்தை சொல்லத்தான் போன் செய்திருக்கிறான். அதை நினைத்து நினைத்து அழுதேன் என்றாலும், அதில் ஓர் ஆறுதல் இருந்தது. ஒரு மாதம் அந்த ஆறுதலில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், பல் அடுக்கினேன்.

ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி அவனுடைய சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து மடித்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, கடைசியில் ரொம்ப வலியோடுதான் போனான் இல்லையா என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வலியா? இல்லையே அண்ணி. வெள்ளிக்கிழமையே எழுந்து உக்காந்துட்டார். டியூபெல்லாம் எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை வார்டுக்கு மாத்துறதா இருந்துச்சு. ரெண்டு தடவை போயிட்டே திரும்பிட்டேன், இனிமே என்னை யாரும் அசைக்க முடியாதுன்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தார்."

கையில் இருந்த சட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவனே போனைக் கேட்டு வாங்கினானாம். போதும் இந்தச் சண்டை, அக்காகிட்ட பேசணும் என்றானாம். என் நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தானாம். அப்படியென்றால் அந்த நிமிஷம் வலிக்குது, வலிக்குது என்று என்னிடம் கெஞ்சியது யார்? யாருடைய பேச்சைக் கேட்டு நான் அந்த ஒன்றைத் தட்டினேன்?

அவளிடம் இதைக் கேட்க முடியாது. அவள் சட்டை மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். போன் மணி அடித்துக்கொண்டிருந்தபோதே அவன் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்த்தானாம். அவளும் திரும்பிப் பார்த்தாளாம். அங்கே யாரும் இல்லையாம்.

"முகத்துல பயமே இல்ல அண்ணி. தெரிஞ்சவங்க வந்த மாதிரி பார்த்தார். 'அக்கா அனுப்புனாளா?'ன்னு கேட்டார். அப்புறம் கட்டில்ல கொஞ்சம் நகர்ந்து, உக்கார இடம் விட்டார்."