பித்தப்பையில் குடியிருந்தது

தம்பிக்கு மூன்றாம் முறை டைபாய்டு வந்தபோது குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. பெரம்பலூரில் ஆபரேஷன் செய்தார்கள். நான்காம் நாள் போய்விட்டான். திருச்சியில் ஒரு லேபில் நான் பல வருடமாக ஆராய்வது அதே டைபாய்டு கிருமியைத்தான். அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருமானூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து அரியலூர் தாண்டி ஒரு சிமென்ட் ஆலைக்கு அவன் வேலைக்குப் போய்வந்தான். முதல் இரண்டு காய்ச்சலுக்கும் ஆலை கேண்டீனைத்தான் திட்டினோம். அதிகம் திட்டியவள் நான். "இனிமே வூட்டுச் சோத்தைத் தவிர எதையும் வாயில வைக்காதடா" என்று போனில் அதட்டினேன். படித்த அக்கா சொல்கிறாளே என்று அவனும் கேட்டுக்கொண்டான். விடிந்ததும் அம்மா பழைய சோற்றில் மோர் ஊற்றி, கையாலேயே பிசைந்து, தூக்கில் போட்டுக் கொடுப்பாள்.

காரியம் முடிந்த மறுநாள், லேப் புத்தி சும்மா இருக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் எடுக்கிறார்கள் என்று பொய் சொல்லி, அப்பா அம்மா இருவரிடமும் மலம் வாங்கிப் பரிசோதித்தேன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவர் ஆவி பறக்காத சோற்றைத் தொடமாட்டார். அம்மாவிடம் கிருமி இருந்தது. தம்பியின் ரத்தத்தில் இருந்த கிருமி எந்தெந்த மருந்துக்கு அசையவில்லையோ, அதே மருந்துகளுக்கு இதுவும் அசையவில்லை.

அது உடம்பில் ஒளிந்து வாழும் வழி எனக்குத் தெரியும், அதுதான் வேடிக்கை. நம் உடம்பு கிருமியை விழுங்கி அமிலத்தில் முக்கும். கிருமியின் உள்தோலில் ஒரு புரதம் அந்தப் புளிப்பை உணர்ந்து உள்ளே சேதி சொல்லும். உடனே மேல்தோலை மாற்றிக்கொள்ளத் தேவையான புரதங்கள் தயாராகும். பித்தநீர் பட்டாலோ குடலைத் துளைக்கிற புரதங்களைக் குறைத்துக்கொண்டு, பித்தப்பைக் கல்லின் மேல் வழவழவென்று ஒட்டிக் குடியிருக்கும். குடியிருக்கிற வீட்டுக்குத் தலைவலிகூடத் தராது. அங்கிருந்து மலத்தில் இறங்கி, கைவழியே அடுத்தவர் சோற்றுக்குப் போகும். இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முன்பு எப்போதோ காய்ச்சல் வந்து, மூன்று நாள் மாத்திரையோடு எழுந்து களையெடுக்கப் போனது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்கேனில் கல் தெரிந்தது. டாக்டரிடம் முழுவதையும் சொன்னேன். அம்மாவிடம் கல் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்வதா வேண்டாமா என்று ஆபரேஷன் முடியும்வரை யோசித்தேன். சொன்னால் அவள் அப்புறம் உயிரோடு இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் நான் இப்படியே இருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பித்தப்பையை எடுத்தார்கள். மருந்தும் முடிந்தது. இடைவெளி விட்டு எடுத்த மூன்று பரிசோதனையிலும் கிருமி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீ அப்பவே சொன்ன பாப்பா. வூட்டுச் சோத்தோட நிறுத்தியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான். எனக்குத் தெரியாம கேண்டீன்ல தின்னுருக்கான். இல்லையா?"

அவன் தின்னவில்லை. நான் சொன்னதைத் தட்டாதவன் அவன்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு ஒரு பிடி சோற்றை நீட்டினாள். மூன்று முடிவுகளிலும் கையெழுத்துப் போட்டவள் நானேதான், ஆனாலும் கை உடனே நீளவில்லை. அவள் காத்திருந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

"அவன மாதிரியே மெல்லாம முழுங்கற. இன்னும் ஒரு பிடி வைக்கட்டா?"

"வைம்மா" என்றேன்.