ஒடுக்கு விழுந்த வட்டம்

போன வாரம் வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் இருந்த பெண் தலை நிமிராமல், "வட்டம் இன்னாம்மா?" என்று கேட்டாள். "காஞ்சிபுரம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தாலுகா பெயரைச் சொல்லக் கண் கலங்குகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்தச் சொல் என்னை அப்படித்தான் படுத்தும். கட்சிக்காரர் வீட்டு வாசலில் ‘வட்டச் செயலாளர்’ என்று பலகை தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகள் "எங்க ஃபிரண்ட்ஸ் சர்க்கிள்ல" என்று ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவேன். எனக்கும் ஒரு வட்டம் இருந்தது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடை. விற்பனைப் பெண்கள் பதினொரு பேர், மத்தியானம் மாடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உட்காருவது அப்போது மட்டும்தான். புதுப் பட்டின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் கெண்டைக்கால் வலிக்கிறது. ஆளே இல்லாத நேரத்திலும் மேசைக்குப் பின்னால் நின்றே இருக்க வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வரும் பரிமளாவுக்குக் காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருந்தது. "ஆளுக்கொரு ஸ்டூல் குட்த்தா இன்னா கொறைஞ்சிடுமாம்?" என்று அவள்தான் ஒரு நாள் கேட்டாள். முதலாளிக்கு மனு எழுதுவது என்று முடிவாயிற்று.

முதல் கையெழுத்தை யார் போடுவது? பதினொரு பேரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது, முதலில் போட்டவளைத்தான் அனுப்புவார்கள். அங்கேதான் என் அதிமேதாவித்தனம் வேலை செய்தது.

"வட்டமா போட்டுடலாம்டி. சுத்திக்கினு கையெழுத்து இருந்தா யாரு மொதல்னு எப்படித் தெரியும்?"

எல்லாரும் என்னை வக்கீலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். என் டிபன் டப்பா சதுரம். அதனால் பரிமளாவின் மூடியை வாங்கி, மனுவின் அடியில் கவிழ்த்து, பேனாவால் சுற்றி வரைந்தேன். எப்போதோ பஸ் படிக்கட்டில் விழுந்து அந்த மூடியின் ஓரத்தில் ஒடுக்கு இருந்தது. கோடும் அந்த இடத்தில் உள்ளே வளைந்தது. "கோணையா பூட்ச்சேடி" என்று ஒருத்தி சொல்ல, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கோட்டைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி மனுவோடு மாடிக்கு வந்தார். திறந்து வைத்திருந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நாலாவது மூடி ஒடுக்கோடு ஒடுக்காகப் பொருந்தியது.

"இது யாருது?"

பரிமளா என்னைப் பார்த்தாள். பிசைந்த சோறு கையில் இருக்க, நான் குனிந்துகொண்டேன்.

"என்னுதுதாங்க" என்றாள் அவள்.

"அப்ப நீதான் இவளுங்களைத் தூண்டிவிட்டவ. நாளையிலேர்ந்து வராத."

அவள் டப்பாவைக் கழுவினாள். ஒடுக்கு விழுந்ததிலிருந்து அந்த மூடி ஒரே அழுத்தில் மூடாது. மூன்று முறை அழுத்தி மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். என்னை மறுபடி பார்க்கவில்லை. மற்ற பத்துப் பேரும் அதற்குப் பிறகு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது சட்டமே வந்து, அந்தக் கடையில் மேசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். முதலாளி செத்துப் பல வருடம் ஆகிறது. பரிமளாவைத் தேடி இரண்டு முறை வாலாஜாபாத் போனேன். அவள் வீட்டில் வேறு ஆட்கள். குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார்களாம், எங்கே என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊர்கூட எங்களை விட்டுப் பிரிந்து இப்போது தனி வட்டமாகிவிட்டது.

நான்தாங்க வரைஞ்சேன். அன்றைக்கு வாயில் வராத இரண்டே சொல். இப்போது பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போது வருகிறது. சத்தமாகவே சொல்கிறேன். கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை.