ஜீப்பில் கட்டிய ஆயர் படம்

அன்பான பங்கு மக்களே, மனைவியையும் பிள்ளையையும் சேர்த்தே இழந்துவிடுவேன் என்று நான் நடுங்கிய நாள் அது. இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னாற்காடு முழுக்க மறியல் நடந்த வருஷம், புரட்டாசி மாசம்.

வெள்ளிமலையில் எனக்கு டீக்கடை. ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டார். "கொழந்த குறுக்கால கீது, கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க." கீழே சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருப்பதாக ஜீப் டிரைவர் சொன்னார். எப்படியாவது போய்விடலாம் என்று அவரையே கெஞ்சி வண்டியை எடுக்க வைத்தேன்.

அந்த நேரத்தில் ஸ்டெல்லாவுக்குப் பிடிவாதம்: "ஆயர் படம் இல்லாம நான் வரமாட்டேன்." பங்குச் சாமியார் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த படம். செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்செடுத்த, அந்தக் காலத்து மேற்றிராணியார், அதாவது சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயர். நெஞ்சுவரை தாடி. அவர் முன்னால்தான் தினமும் ஜெபிப்போம். ஜீப்புக்குள் இடமில்லை. வந்த கோபத்தில், படத்துக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையோடு ஜீப்பின் முன்பக்கம் வெளியே வைத்துக் கயிற்றால் கட்டினேன்.

மலை இறங்கும்வரை ஆண்டவரோடு சண்டைதான். "மரத்தைப் படைச்சது நீர்தானே, நீரே நகர்த்தும்" என்று அழுதேன்.

அடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே புளியமரம். கம்போடு ஆட்கள். எங்களைக் கண்டதும் கூச்சல் அடங்கியது. தலைத்துண்டை அவிழ்த்தார்கள். ஒரு பெரியவர் படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் கேட்டார்:

"அப்பா எப்பங்க தவறினாரு?"

அப்போதுதான் புரிந்தது. மாலை போட்ட படத்தைப் பார்த்துச் சாவு வண்டி என்று நினைத்துவிட்டார்கள். தலையாட்டினால் போதும், வழி கிடைக்கும். ஆயரை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அவரு போயி நூறு வருசம் ஆவுதுங்க. உள்ள என் சம்சாரம். பிரசவ வலி. காப்பாத்துங்க."

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "டேய், பொம்பள உசுருக்குப் போராடிக்கினு கீறா! புடிங்கடா மரத்த!"

வெட்டிய கைகளே தூக்கின. "இன்னும் மரம் கீதுங்க, நானும் வரேன்" என்று அவர் முன்னால் ஏறி, ஆயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மறியலிலும் அவர் போட்ட சத்தத்தில்தான் வழி திறந்தது. என்ன சாதி, என்ன சாமி என்று அவர் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். குழந்தை அழும்வரை படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கொழந்தங்க?"

"பொண்ணுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சிரித்தபடியே ஆயர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். "பொறந்த எடத்துல இது எதுக்குங்க?"

அன்றிலிருந்து மலையில் எந்த வீட்டில் நோய் என்றாலும் கடையைப் போட்டது போட்டபடி ஓடுகிறேன். என் மனசு நிறைந்திருக்கிறது. வழியே இல்லை என்று கலங்குகிறவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். உதவி யார் கையால் வரவேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். அன்றைக்கு நான் யாரைப் பார்த்துப் பயந்தேனோ, அவர்களைக் கொண்டுதான் என் மகளை எனக்குத் தந்தார். அவருக்கே நன்றி.