பேர் கூப்பிட்ட பிறகு சாப்பாடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் கடைசி வீட்டில் இருந்த ஆண்டாயி அம்மாளுக்கு 1975-இல் அறுபத்திரண்டு வயது. இலங்கையில் கொழுந்து பறித்தவர். அதற்கு ஐந்து வருடம் முன்னால் கணவர் பழனியாண்டியோடு கப்பலேறி, தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் நீலகிரியில் சேரங்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் கொழுந்துதான்.

அவர் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. காலையில் வெறும் தேத்தண்ணி, மலையில் நிற்கும்போது இன்னொன்று, சாயங்காலம் ஒரு கோதுமை ரொட்டி. சோறு கணவருக்கு. கேட்டால் பசியில்லை என்பார்.

அந்த வருடம் ஆடி மழையில் கூடையோடு சறுக்கி விழுந்தார். பெரிய சறுக்கல் இல்லை. ஆனால் எழ முடியவில்லை. வலது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஒரு பலகையில் படுக்க வைத்து எஸ்டேட் லாரியில் ஏற்றி, கூடலூர் வழியாக ஊட்டிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆணி வைத்தால்தான் இனி நடக்க முடியும் என்றார்கள்.

அன்று சாயங்காலமே நர்ஸ் பிலோமி, நாளைக்கு ஆபரேஷன் இருக்கலாம், கூப்பிடும் வரை எதையும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்டாயி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் நாச்சிமுத்து வந்து அவருடைய மேல்கையில் நாடாவைச் சுற்றி அளந்தார். கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. ரத்தமும் குறைவு. “ஏனுங்கம்மா, இந்த உடம்புல கத்தி வெச்சா புண்ணு ஆறாதுங்க. ரெண்டு வாரம் நல்லாச் சாப்பிடுங்க. அப்புறம் பார்க்கலாம்” என்றார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் போனார்.

ரெண்டு வாரம் என்றது ஆண்டாயி காதில் விழுந்தது. ஆனால் முகாமில் ரெண்டு வாரம் என்று சொன்ன துரைமார் மறுநாளே பேர்ப் பட்டியலோடு வந்ததும் அவருக்குத் தெரியும். பாலும் முட்டையும் கஞ்சியும் வந்தன. பாலைத் தொடவில்லை. கஞ்சி ஆறி ஆடை கட்டியது. முட்டையைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் கோயமுத்தூர்க் கடைக்காரர் ஒருவரின் மனைவி கனகமணி, கை முறிந்து கிடந்தார். “ஏனுங்கக்கா, விரதமுங்களா? எந்தச் சாமிக்குங்க?”

“ஆபரேசன் சாமிக்கு” என்றார் ஆண்டாயி.

நான்காம் நாள் விரிப்பு மாற்ற வந்த பிலோமி மூன்று முட்டைகளைக் கண்டெடுத்தார். வார்டே சிரித்தது. பிலோமி சிரிக்கவில்லை. அன்று டாக்டர் மறுபடி அளந்தபோது நாடாவில் அளவு இன்னும் குறைந்திருந்தது. இப்படியே போனால் ஆபரேஷனே வேண்டாம், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு என்றால், படுத்தபடியே கிடப்பதற்கு.

பிலோமி கட்டிலில் உட்கார்ந்து காரணம் கேட்டார். ஆண்டாயி சொன்னார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மண்டபத்திலும் அதே கதை.

“நான் கஞ்சி வாங்கப் போயிருந்தேன். அந்த நேரம் பாத்துப் பேரு கூப்பிட்டாங்க. தங்கச்சி மருதாயி குடும்பம் லாரியில ஏறிருச்சு. அவ ஜெகதளாவுல, நான் சேரங்கோட்டுல. ஒரே லாரியில போகவேண்டிய ஆளுக. இனிமே கூப்பிடாம திங்க ஏலாது, அம்மா.”

சாப்பிட்டால்தான் கூப்பிடுவார்கள் என்று பிலோமி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஆண்டாயி தலையாட்டினார், வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் கஞ்சி வண்டி வந்தது. பிலோமி வாசலில் நின்று ஒரு காகிதத்தைப் பிரித்தார். முகாமில் கூப்பிடுவதுபோல உரக்கப் படித்தார்.

“ஆண்டாயி, புருசன் பேரு பழனியாண்டி, சேரங்கோடு.”

ஆண்டாயியின் கை தானாக உயர்ந்தது. “இருக்கேன்.”

“ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு முட்டை.”

அது விளையாட்டு என்று ஆண்டாயிக்குத் தெரியாமல் இல்லை. சிரிப்பும் வந்தது. ஆனாலும் பேர் கூப்பிட்டாகிவிட்டது. முட்டையை உரித்து மெதுவாகத் தின்றார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அந்தக் காகிதம் வந்தது. பிலோமிக்கு லீவு என்றால் கனகமணி கூப்பிட்டார். சனிக்கிழமை வந்த பழனியாண்டிக்கு மனைவி பேரைச் சொல்ல வெட்கம். காகிதத்தை வாங்கி ஊரை மட்டும் படித்தார்.

இருபதாம் நாள் டாக்டர் கணுக்காலை அழுத்தினார். பள்ளம் விழவில்லை. அவர் சரி என்று தலையசைத்தார்.

மறுநாள் காலை பாலும் வரவில்லை, கஞ்சியும் வரவில்லை. பிலோமி ஆளைப் படுக்கவைக்கும் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். ஆண்டாயி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முட்டை எங்க, அம்மா?”

“இன்னிக்குக் கிடையாது.”

ஆண்டாயியின் பார்வை தள்ளுவண்டிக்குப் போனது.

“அப்ப நெசமாவே கூப்பிட்டாச்சா?”

பிலோமி காகிதம் இல்லாமலே பேரைச் சொன்னார்.